சாவியதிகாரம்

மோட்டார் சைக்கிளின் இக்னீஷியன் சுவிட்ச் இருவகைப்படும். ஏற்கெனவே ஒருவர் கழற்றிப் பார்த்தது ஒன்று, இனிமேல்தான் ஒருவர் கழற்றப்போவது மற்றொன்று. முப்பது வயதைத் தாண்டிய வண்டிகளில் இரண்டாம் வகை அருகிவிட்டது. ஆகவே இந்நூல் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

இந்நூலுக்கு நிலம் திருவொற்றியூர். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, அங்கே உருவான 346 சி.சி. புல்லட்டே பாட்டுடைத் தலைவன். பொழுது, 12 வோல்ட் வருவதற்கு முந்தைய 6 வோல்ட் காலம். தலைவனின் ஹெட்லைட் கூட்டில் நடுவே ஸ்பீடோமீட்டர், ஒரு பக்கம் அம்மீட்டர், இன்னொரு பக்கம் சாவி. மற்ற வண்டிகள் வேண்டிய இடத்தில் மட்டும் வந்து போகும்.

சுவிட்சின் முதற்பிரிவு உடன்பாடு, எதிர்மறை என்பது. பேட்டரியும் காயிலும் வைத்த வண்டியில் சாவியைத் திருப்பினால் இணைப்பு கூடும், கூடினால்தான் பொறி. இது உடன்பாடு. மேக்னெட்டோ வண்டியில் பொறி தானே பிறக்கும், சாவியின் தயவு வேண்டாம். அங்கே சுவிட்சின் வேலை மேக்னெட்டோவை எர்த் செய்து பொறியைக் கொல்வது. இது எதிர்மறை. உடன்பாட்டுச் சுவிட்சில் இணைப்பு விட்டுப்போனால் வண்டி கிளம்பாது. எதிர்மறைச் சுவிட்சில் இணைப்பு விட்டுப்போனால் வண்டி நிற்காது. பின்னதை ஓட்டுபவர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடிப்பார். சாவியே இல்லாத இனமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய பி.எஸ்.ஏ. எம்20 அப்படிப்பட்டது. ராணுவ முகாமில் வண்டிக்குக் காவல் சாவியல்ல, சிப்பாய்.

1961 முதல் மைசூரில் செய்யப்பட்ட ஜாவாவை எதில் சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதன் சாவி பல் வெட்டாத ஒரு கம்பி, தலையில் ஒரு குமிழ். ஒரு ஜாவாவின் சாவி எல்லா ஜாவாவுக்கும் ஆகும். தோதான ஆணியும் ஆகும். பூட்டு வேறு, சுவிட்ச் வேறு என்ற பேருண்மையை இதைவிட எளிதாக யாரும் விளக்கிவிட முடியாது. புல்லட்காரர்கள் இந்த உண்மையை உணராமல்தான் கஷ்டப்படுகிறார்கள். சாவி நுழையும் பித்தளை உருளை பூட்டு. அந்த உருளையின் வால் திருப்புகிற பேக்லைட் தட்டும் கான்டாக்ட்டும்தான் சுவிட்ச். பூட்டு கெட்டால் சாவி திரும்பாது. சுவிட்ச் கெட்டால் சாவி நன்றாகத் திரும்பும், வேறொன்றும் நடக்காது. பூட்டுக்குப் பென்சில் கரியைச் சுரண்டிப் போட்ட தூள் போதும். எண்ணெய் விட்டால் அது தூசியைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும்.

1950களின் லூகாஸ் சுவிட்சுகள் சிலவற்றில் ஆன், ஆஃப் தவிர மூன்றாவதாக ஈ.எம்.ஜி. என்று ஒரு நிலை உண்டு. இதை ஆபத்துதவி எனலாம். பேட்டரி செத்துப்போனாலும் ஆல்டர்னேட்டரின் கரண்ட்டை நேராகக் காயிலுக்குத் திருப்பிவிடும். வண்டி ஓட ஓடப் பேட்டரி தேறியதும் இன்ஜின் விக்கத் தொடங்கும். 'ஆபத்து நீங்கிவிட்டது, சாவியைப் பழைய இடத்துக்குத் திருப்பு' என்பதற்கு அதுவே அறிகுறி. இவ்வளவு நயமாகப் பேசும் சுவிட்ச் அதற்குப் பிறகு வந்ததில்லை.

பழுதை அறியும் அளவை மூன்று: காட்சி, கருதல், உரை. காட்சியளவை என்பது அம்மீட்டர். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். டிகம்பிரசரைப் பிடித்துக்கொண்டு அந்த முள்ளை வைத்தே பிஸ்டன் இருக்கும் இடத்தைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முள் அசையவே இல்லையென்றால் சுவிட்ச், பாயிண்ட், நடுவிலுள்ள வயர் ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழும். உரையளவை என்பது மெக்கானிக் வாக்கு. "காயில் போச்சுண்ணே, மாத்திரலாம்" என்பது அதன் முதல் சூத்திரம். காயில் மாற்றியும் கிளம்பாத வண்டிக்கு, "பிளக்கும் வீக்கா இருக்குண்ணே" என்று அது தானே விரிந்துகொடுக்கும். கடைசியில் கார்புரேட்டர் வரைக்கும் போய், சுவிட்சை மட்டும் தொடாமல் திரும்பிவரும். கருதலளவைக்கு மல்டிமீட்டர் வேண்டும். அதற்கு முன் மலங்களைப் பார்த்துவிட வேண்டும்.

செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். நமக்கு உயிர் வேண்டாம், களிம்பே போதும். சுவிட்சின் கான்டாக்ட் பித்தளை, பித்தளையில் பெரும்பங்கு செம்பு, எனவே களிம்பு என்பது இதன் ஆணவ மலம். யார் மீதும் பழி இல்லை. காற்றும் ஈரமும் இருக்கும்வரை அது வரும். கன்ம மலம் என்பது முன்னவர் செய்த வினை. சக்கர பேரிங்குக்கு வைக்கும் கிரீஸை உள்ளே அப்பியவர் ஒருவர் இருப்பார். அது காய்ந்து வார்னிஷ் போலப் படிந்து கரண்ட் போகவேண்டிய இடத்தை அடைத்திருக்கும். சால்டரிங் அயர்னை நெடுநேரம் வைத்துப் பேக்லைட்டைக் கருக்கியவர் இன்னொருவர். கருகியது கரியாகி, கரண்ட் போகக்கூடாத இடத்தில் வழிவிட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவது மாயை, இதுதான் கொடியது. மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துச் சுவிட்சின் இரண்டு டெர்மினலைத் தொட்டால் 'பீ' என்று கத்தும். சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று எழுந்துபோய்விடுவார்கள். மீட்டர் அனுப்பும் கரண்ட் ஒரு துளி. காயில் கேட்பது அதுவல்ல. 6 வோல்ட் காயிலின் பிரைமரி தடை சுமார் 1.5 ஓம் என்று கொண்டால் 4 ஆம்பியர் ஓடவேண்டும். களிம்பு வெறும் அரை ஓம் கூட்டினால் அது 3 ஆம்பியராகும். காயிலில் சேரும் ஆற்றல் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மிஞ்சுவது பதினாறில் ஒன்பது பங்குதான், ஏறத்தாழ 56 சதவீதம். இதே அரை ஓம் 12 வோல்ட் வண்டியில் 3 ஓம் காயிலோடு சேர்ந்தால் 73 சதவீதமாவது மிஞ்சும். மலிவான மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே அரை ஓம் காட்டும். அதைக்கொண்டு அரை ஓமைத் தேடுவது நடக்கிற காரியமா? போதாததற்கு, தடை இருக்கும் இடம் சூடாகும், சூட்டில் கான்டாக்ட்டை அழுத்தும் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் கூடும்.

மாயையை நீக்க வேலை வாங்கிக்கொண்டே அளக்க வேண்டும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை ஆன் செய்து, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சுவிட்சுக்குக் கரண்ட் வரும் டெர்மினலிலும் காயிலுக்குப் போகும் டெர்மினலிலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சுவிட்ச் நிரபராதி. 1 வோல்ட்டைத் தாண்டினால் திறந்தே ஆகவேண்டும். பாயிண்ட் திறந்திருந்தால் கரண்டே ஓடாது, மீட்டர் சுழியம் காட்டும், நீங்கள் மறுபடியும் மாயையில் விழுவீர்கள். காயில் சூடாகும் முன் சாவியை அணைப்பதும் முக்கியம்.

பிறர் கொள்கையைப் பரபக்கமாகச் சொல்லி மறுத்த பின்பே தன் கொள்கையைச் சுபக்கமாக வைப்பது முறை. டைரக்ட்வாதிகள் சுவிட்சைத் துறந்து, வீட்டு லைட் சுவிட்ச் ஒன்றை சீட்டுக்குக் கீழே வைத்து நேராக வயர் இழுத்துவிடுவார்கள். வண்டி ஓடும், அதை மறுக்க முடியாது. சாவி பாக்கெட்டில் வெறும் அலங்காரமாக இருக்கும். வண்டியைத் தூக்கிப்போக வருபவருக்கு ஆணிகூடத் தேவையில்லை. புதுவாதிகள் புதுப்பேட்டைக்குப் போய் முழு செட்டாக வாங்கி மாட்டுவார்கள். பேக்லைட் விரிசல் விட்டிருந்தாலோ கருகியிருந்தாலோ அவர்கள் சொல்வதே சரி. மற்றபடி, பழைய தடித்த பித்தளையைக் களிம்புக்காகத் தூக்கி எறிவது எனக்கு உடன்பாடில்லை. பழைய சுவிட்ச் திறப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதன் விளிம்பில் மடக்கிவிட்ட காதுகளே அதற்குச் சாட்சி.

இனி சுபக்கம். முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிறகு ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் சுற்றி, அது வந்த டெர்மினலின் எண்ணை எழுதுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். இடையில் ஒருமுறை வயரிங் மாற்றிய வண்டியில் எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். கூட்டுக்கும் தட்டுக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். இல்லையென்றால் மாட்டும்போது தட்டு அரைச்சுற்று மாறி உட்காரும், ஆஃபில் வண்டி ஓடும். காதுகளை மெல்ல நிமிர்த்துங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் மடக்கி நிமிர்த்தினால் அவை ஒடிந்துவிடும்.

தட்டைத் தூக்கும் கணத்தில்தான் குண்டு பறக்கும். சாவி 'டக்' 'டக்' என்று ஒவ்வொரு நிலையிலும் நிற்பது ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த அந்தச் சிறிய இரும்புக் குண்டால். அது பறந்து விழும் இடம் நால்வகை: தேடிய இடம், தேடாத இடம், தேடிவிட்டோம் என்று நினைக்கும் இடம், பக்கத்து வீடு. ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுத் திறப்பவருக்கு இந்தப் பகுப்பு தேவைப்படாது. மற்றவர்கள் காந்தத்தோடு தரையில் தவழலாம். கிடைக்கவில்லையென்றால் சைக்கிள் கடைக்குப் போங்கள். ஃப்ரீவீல் குண்டு 1/8 அங்குலம், பெடலுக்கு 5/32, முன் சக்கரத்துக்கு 3/16. குழியை அளந்துகொண்டு போவது நல்லது.

காய்ந்த கிரீஸைப் பெட்ரோலில் ஊறவைத்துத் துடையுங்கள். பச்சைக் களிம்புக்குக் குத்துவிளக்கு துலக்கும் புளியே போதும். கொட்டையும் நாரும் நீக்கிய புளியைக் கட்டைவிரலால் கான்டாக்ட்டில் தேய்த்தால் பச்சை கரைந்து, அடியில் ரோஸ் நிறத்தில் செம்பு எட்டிப்பார்க்கும், பிறகு மஞ்சள் தெளியும். தண்ணீரில் அலசி, சோடா உப்புத் தண்ணீரில் ஒருமுறை முக்கி, மறுபடி அலசி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். புளி மிஞ்சினால் அடுத்த மழைக்குள் களிம்பு இரட்டிப்பாகத் திரும்பும். கடைசியாக 1000 நம்பர் உப்புத்தாளில் லேசாக ஒரு இழுப்பு, அதன்மேல் விரல் நுனியளவு வாசலின். தளர்ந்த ஸ்பிரிங்கைச் சற்றே இழுத்துவிடலாம்.

மாட்டி முடித்த பின் மேசையில் மிஞ்சுவது எச்சம் எனப்படும். பெயர் தெரிந்தும் இடம் தெரியாத வாஷர் பெயரெச்சம். என்ன வேலை செய்யும் என்று தெரிந்தும் பெயர் தெரியாத வளைந்த தகடு வினையெச்சம். எச்சம் இருக்கும்வரை வேலை முற்றுப்பெறாது, மறுபடி திறக்க வேண்டும். எச்சம் இல்லாதவர்கள் வண்டியில் மாட்டும் முன்பே பேட்டரியும் டெஸ்ட் லாம்ப்பும் வைத்து எல்லா நிலைகளையும் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. பேட்டரியிலிருந்து அம்மீட்டர் வழியாகச் சுவிட்சுக்கு வரும் வயரில் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போதெல்லாம் அது ஃபிரேமின் கழுத்தில் உரசுகிறது. உறை தேய்ந்து ஃபிரேமைத் தொட்டால் வயரிங் முழுவதும் எரியும். சாவியின் அதிகாரம் அங்கே செல்லாது. பழைய வண்டிகள் பலவற்றில் யாரோ ஒருவர் ஃபியூஸை எடுத்துவிட்டு வயரை முறுக்கி வைத்திருக்கிறார். பேட்டரிக்குப் பக்கத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை இன்றைக்கே போட்டுவிடுங்கள். குண்டை நாளைக்குத் தேடிக்கொள்ளலாம்.