பக்கத்து யார்டு விதி: சங்கரன்கோவில் வட்டார டீசல் ஜெனரேட்டர் கொள்முதல் குறித்த ஆய்வு

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் மில்லுக்கும் யார்டுக்கும் பெரிய ஜெனரேட்டர் வாங்குவோர் எந்தக் கணக்கில் வாங்குகிறார்கள் என்பதை அறிஞர் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது.

இதன் வரலாற்றுக் களம் 2012. தமிழகமே மின்வெட்டில் புழுங்கிக் கிடந்தபோது, மார்ச் 18 அன்று இவ்வூரில் இடைத்தேர்தல் நடந்தது. மறுநாளே கூடங்குளம் அணுமின் நிலையப் பணிகளுக்கு மாநில அமைச்சரவை பச்சைக்கொடி காட்டியது. வாக்குக்கும் வாட்டுக்கும் உள்ள உறவு தனி ஆய்வேட்டுக்குரியது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறோம். நமக்கு வேண்டியது அந்த ஆண்டு விட்டுச்சென்ற பயம். மின்வெட்டு குறைந்தும் பயம் குறையவில்லை. யார்டில் ஒரு டிஜி (டீசல் ஜெனரேட்டர்) நிற்காவிட்டால் முதலாளிக்குத் தூக்கம் வருவதில்லை.

எத்தனை கே.வி.ஏ. வேண்டும்? மோட்டார்களின் எச்.பி.யைக் கூட்டிப் பார்ப்பது பாமரர் முறை. பக்கத்து யார்டில் நிற்பதைவிட ஒரு சைஸ் கூட்டுவதே மரபு. களத்தில் கேட்கக்கூடிய உரையாடல் இது:

“அண்ணாச்சி, ஒங்க லோடுக்கு 125 தாராளம்.”

“எதுத்தாப்புல 200 நிக்கி, தெரியும்லா? 250 போடும்.”

125 கே.வி.ஏ. என்பது 0.8 பவர் ஃபேக்டரில் 100 கிலோவாட். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போல் ஆறேழு மடங்கு கரண்ட்டை முதலில் இழுக்கும். ஆகவே கொஞ்சம் பெரிதாக வாங்குவதில் நியாயம் உண்டு. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போட்டு, மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டால் அந்த நியாயமும் பாதி போய்விடும். இதை அண்ணாச்சியிடம் சொல்லத் துணிந்த எலக்ட்ரீஷியனை இவ்வாய்வாளர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

தேவைக்கு மேல் பெரிதாக வாங்கியதால் முப்பது சதவீத லோடுக்கும் கீழே நாள்கணக்கில் ஓடும் எஞ்சின் சரியாகச் சூடேறாது. எரியாத டீசல் கரியோடு கலந்து சைலன்சர் வழியே பிசுபிசுவென்று கறுப்பாக ஒழுகும். அதை ஆயில் லீக் என்று முடிவுகட்டி மெக்கானிக்கைத் திட்டுவது இரண்டாம் மரபு. சரியான லோடிலேயே லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். டீசல் தொண்ணூறு ரூபாய் என்றால், யூனிட்டுக்கு எண்ணெய்ச் செலவே 25 ரூபாயைத் தாண்டும்.

2023 ஜூலை 1 முதல் 800 கிலோவாட் வரையிலான புது டிஜிக்களுக்குப் புகைக் கட்டுப்பாடு இறுகியது, விலையும் ஏறியது. எனவே பலர் செகண்ட்ஹேண்ட் பக்கம் போகிறார்கள். அங்கே சோதனை முறை எளிது: சாவியைத் திருப்பி, சத்தம் கேட்டு, தலையாட்டுவது. லோடு இல்லாமல் ஓடும்போது எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். எஞ்சின் கிழடாகவும் ஹவர் மீட்டர் பளபளவென்றும் இருந்தால், பேச்சை டீயோடு முடித்துக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கு இரண்டு, பாடிக்கு இரண்டு என நாலு எர்த் குழி தோண்ட இப்போதே ஆள் சொல்லி வையுங்கள்.