ஸ்கோப் சித்தப்பா

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கொல்லிமலையில் மிளகு விலையைப் பற்றிக்கூட யாரும் பேசமாட்டார்கள். செம்மேட்டு டீக்கடையில் ஸ்கோப் சித்தப்பா வந்து உட்கார்ந்துவிடுவார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எந்தப் படிப்புக்கு ஸ்கோப் உண்டு, எதற்கு இல்லை என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிச் சொல்லி இதுவே பெயராகிவிட்டது.

அவருடைய கணக்கு எளிது. கண்ணில் எது படுகிறதோ அதற்கு ஸ்கோப். அடிவாரத்தில் பாலம் கட்டினால் சிவில் இன்ஜினியரிங். நாமக்கல்லில் கோழிக்குச் சீக்கு வந்தால் வெட்னரி. இந்த வருஷம் அவருக்கு மூட்டுவலி, மாதா மாதம் மாத்திரை பில். ஆகவே பி.பார்ம்.

"மாத்திரை விக்கிறவன் நட்டப்பட்டு எங்கியாச்சும் பாத்திருக்கியா கண்ணு?"

"மெடிக்கல் ஷாப்புக்கு ரெண்டு வருஷ டி.பார்மே போதும்னு டீச்சர் சொன்னாங்க சித்தப்பா."

"அது விக்கிறதுக்கு. நாலு வருஷம் படிச்சா மாத்திரை செய்யுற கம்பெனிக்கே போலாம். சித்தருங்க இருந்த மலையில பொறந்துட்டுப் பாதியில நிறுத்தறதா?"

சித்தர் பேச்சு வந்ததும் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவர், "அப்போ சித்த மருத்துவமே படிக்கட்டுமே" என்பார்.

"அதுக்கு நீட் எழுதணும். பச்சிலைக்கு நீட்டு, மாத்திரைக்கு பிளஸ் டூ மார்க்கு. ரூல்ஸ் அப்படி!"

இதை மட்டும் சித்தப்பா சரியாகவே சொல்கிறார். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.பார்ம் இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணக்கோ படித்திருந்தால் போதும். சென்னை கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக்குழு நர்சிங், பிசியோதெரபியோடு சேர்த்து விண்ணப்பம் வாங்குகிறது. பழங்குடியினருக்கு ஒதுக்கீடு 1 சதவீதம். நூற்றுக்கு ஒன்று. "அந்த ஒண்ணு உனக்குத்தான்" என்று மலையில் உள்ள எல்லாப் பிள்ளைகளிடமும் சித்தப்பா தனித்தனியாகச் சொல்லி வைத்திருப்பார்.

ஆனால் ஆலோசனை சொல்லிவிட்டு நழுவுகிற ஆள் இல்லை. பழங்குடிச் சான்றிதழில் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டுமென்றால், 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெற்றோரை பஸ்ஸில் இறக்கி நாமக்கல் கூட்டிப்போவார். தலைசுற்றுகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம், ஜெராக்ஸ் செலவு எல்லாம் அவர் கணக்கு. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மறுபடி ஓட்டம்.

விண்ணப்பம் போடுகிற நாளில் அவரைப் பார்க்க வேண்டும். பெண் இ-சேவை மையத்தில் இருக்கிறாள். ஓ.டி.பி. அப்பாவின் செல்போனுக்குப் போகிறது. அப்பாவோ தோட்டத்தில் பலா மரத்தின்மேல். அங்கே சிக்னலும் கிடையாது. சித்தப்பா பைக்கை முறுக்கிக்கொண்டு போய், மரத்திலிருந்து ஆளையே இறக்கி, பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்துவிட்டார். ஓ.டி.பி. வந்தது. பலாப்பால் பிசுபிசுத்த விரலை அப்பா வைத்து வைத்துத் தேய்க்கிறார், திரை அசைய மாட்டேன் என்கிறது. சித்தப்பா தேங்காயெண்ணெய் தேடி ஓடினார். அவர் திரும்புவதற்குள் அந்த எண் காலாவதி. விரலைத் துடைத்து, அடுத்த எண்ணைச் சித்தப்பாவே உரக்கப் படிக்க, கடைத்தெரு முழுக்க அதை மனப்பாடம் செய்துகொண்டது.

அவர் சொல்லும் ஸ்கோப்பில் பாதி பலிப்பதில்லை. அவர் அலையாவிட்டால் பாதி விண்ணப்பம் மலையை விட்டு இறங்குவதுமில்லை.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்: "உங்க பையன் என்ன படிச்சாரு சித்தப்பா?"

"அவன் எங்க என் பேச்சைக் கேட்டான்? வரலாறு எடுத்தான். ஸ்கோப்பே இல்லடான்னு தலையில அடிச்சுக்கிட்டேன்."

"இப்ப?"

"இப்ப என்ன, கவர்மென்ட் வாத்தியாரு. என் மாத்திரை பில்லை அவன்தான் கட்டறான்."