ஊடாக: வகுப்பு வட்ஸ்அப் குறூப்

பெறுநர்: கல்வி அமைச்சு, இசுருபாய, பத்தரமுல்ல.
ஊடாக: அதிபர், கோட்டம், வலயம், மாகாணம். யாரும் விடுபட்டிருந்தால் அவர்களும்.
பொருள்: பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்குதல் தொடர்பானது.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

நறுவிலிக்குளத்திலிருந்து எழுதுகிறேன். மன்னார் மாவட்டம், நானாட்டான் பக்கம். நறுவிலிப் பழத்தைப் பிதுக்கினால் வழுவழுவென்று ஒரு பசை வரும். விரலில் பட்டால் லேசில் போகாது. சின்ன வயதில் நாங்கள் பட்டத்துக்குக் கடதாசி ஒட்டியது அதில்தான். இப்போது மரமும் குறைவு, பட்டமும் குறைவு. பசை மட்டும் போனுக்குள் குடிபோய்விட்டது.

போன மாதம் பெற்றோருக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். பிள்ளைகள் திரை பார்க்கும் நேரத்தைக் குறைப்பது எப்படி என்று வளவாளர் ஒருவர் ஒன்றரை மணித்தியாலம் விளக்கினார், திரையில் போட்டுக் காட்டி. சாப்பாட்டு மேசைக்குப் போன் கொண்டுவரக் கூடாதாம். எங்கள் வீட்டில் மேசையே இல்லாதபடியால் அந்த விதியை இன்றுவரை யாரும் மீறவில்லை. நான் வீடு வந்து சேருமுன் கருத்தரங்கின் சுருக்கம் வகுப்பு வட்ஸ்அப் குறூப்பில் வந்து கிடந்தது: பிள்ளையோடு இருந்து பார்க்கட்டாம்.

போன் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினீர்கள். அதுவரை போனைத் தொட்டால் அடி. அதற்குப் பிறகு தொடாவிட்டால் அடி. பதுளைப் பக்கம் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் ஏறி மரத்தில் இருந்து படித்ததை உலகமே படம் பிடித்துப் போட்டது. இரண்டு ஆட்டை விற்று நானும் ஒரு போன் வாங்கினேன். பள்ளிக்கூடம் திறந்தது. போன் திரும்ப ஆடாகவில்லை. போனில் வரத் தொடங்கிய செயலட்டையும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் இரவு ஒன்பதரைக்கு "நாளை கொண்டுவரவும்" என்று குறூப்பில் விழுகிறது. அதைப் பார்க்கத் திறந்த போனை மகன் மூடும்போது பதினொன்று. இடையில் நடந்தது கல்வியா, ஃப்ரீ ஃபயர் விளையாட்டா என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் வெளிச்சம்.

உங்களைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. இந்த நாட்டில் திரை நேரத்தைக் குறைக்க வெற்றிகரமாக நடந்த திட்டம் ஒன்று உண்டு: 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன மின்வெட்டு. சார்ஜ் செத்தது, பிள்ளைகள் முற்றத்துக்கு வந்தார்கள். அம்மம்மா பேய்க்கதை சொன்னா. மகளுக்குத் தன் தம்பியின் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. கருத்தரங்கு இல்லை, வளவாளர் இல்லை. அதற்கு ஒரு விருதாவது கொடுத்திருக்கலாம்.

பிள்ளை போனில் என்ன பார்க்கிறது என்று பெற்றோர்தான் கவனிக்க வேண்டும் என்கிறீர்கள். கவனிக்கிறோம். ஆனால் 2026க்கான தரம் 6 புதிய ஆங்கிலப் பாட அலகில், பிள்ளைகளுக்கு ஆகாத ஓர் இணையத்தள முகவரி அச்சாகி வந்ததே, அது எங்களுக்கு வைத்த பரீட்சையா? எழுதினவர், பார்த்தவர், திருத்தினவர், அச்சுக்கு விட்டவர் என்று எத்தனை படிப்பாளிகள் கண்ணைத் தாண்டியது! தரம் 6 சீர்திருத்தத்தையே 2027க்குத் தள்ளினீர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான், மகன் பார்ப்பதையெல்லாம் ஒற்றை ஆளாய்ச் சரிபார்க்க வேண்டுமாம்.

அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10இலிருந்து பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கிடையாது. மீறினால் தண்டம் கம்பனிக்கு, ஐந்து கோடி டொலரை நெருங்கும் தொகை; தாய் தகப்பனுக்கு ஒரு சதமும் இல்லை. அந்தத் தடையும் எவ்வளவு காலம் தாங்குமோ, பிள்ளைகள் கெட்டிக்காரர். எனக்குப் பிடித்தது தண்டச்சீட்டின் விலாசம்தான். இங்கே எல்லாச் சீட்டும் எங்கள் வீட்டுக்கே வருகிறது.

ஐந்திலிருந்து பதினேழு வயதுவரையான பிள்ளை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதாம். கருத்தரங்கில் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது. மாவட்டத்துக்கென்று ஒரு விளையாட்டு மைதானம் எங்கள் ஊருக்குத்தான் வாய்த்தது. வேலை தொடங்கினார்கள், நின்றது, வருடக்கணக்கில் பாதியில் கிடந்தது. அந்தச் செய்தியைப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? முகநூலில். மைதானம் வேறு அமைச்சு என்பீர்கள். பிள்ளை ஒன்றுதானே, ஐயா.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. செயலட்டையைப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஆசிரியர்களின் போனுக்கும் ஓய்வு கொடுங்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடிதத்தை உறையிலிட்டு நறுவிலிப் பசையால் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தபாலில் போனால் சுணங்கும், படம் எடுத்துக் குறூப்பில் போடுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். எனக்குப் போடத் தெரியாது. மகன் போட்டுத் தருகிறானாம், கூலியாக ஒரு மணித்தியாலம் போன் கேட்கிறான். அரை மணித்தியாலத்தில் நிற்கிறேன். இன்னும் பேச்சு முடியவில்லை.

இப்படிக்கு,
தரம் 6 மாணவன் ஒருவனின் தகப்பன்