நடுவரிலக்கணம்

பாயிரம் இல்லாத நூல் நூலே அல்ல என்பது பழையோர் கொள்கை. ஆகவே முதலில் எல்லை சொல்வோம். வடமேற்கே விராலிமலை, தென்கிழக்கே மணமேல்குடிக் கடற்கரை. இடைப்பட்ட புதுக்கோட்டை மாவட்டமே இந்நூல் வழங்கும் நிலம். கேட்போர் யாரெனில், ‘சனிக்கிழமை ஒரு நாள் அறிவியல் கண்காட்சிக்கு நடுவரா வந்துட்டுப் போங்க சார்’ என்று தொலைபேசியில் கேட்கப்பட்டு, மறுக்க வாய் வராமல் ஒப்புக்கொண்டவர்கள். பயன், அவர்களால் பிள்ளைகளுக்கு நேரும் சேதம் குறைதல்.

பவணந்தியார் தம் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகுத்தார். ஆசிரியருக்கும் இலக்கணம் சொன்னார். நடுவரை மட்டும் விட்டுவிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆர்டுயினோ மின்சுற்றுப் பலகை விற்பனைக்கு வராததே காரணம் என்பது நம் துணிபு.

நடுவர் தோன்றும் களங்களுள் தலையாயவை இரண்டு. ஒன்று, இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் சேர்ந்து நடத்தும் இன்ஸ்பயர் மானக். ஒரு பள்ளி ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். தேர்வான பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே 10,000 ரூபாய் விழும். அதில் மாதிரி செய்துகொண்டு மாவட்டக் கண்காட்சிக்கு வரவேண்டும். மற்றொன்று, 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் அதைத் தோளில் சுமந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். அங்கே கருவியைவிட ஆய்வுக்குத்தான் மரியாதை. பத்திலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊரின் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கேட்டு, குறிப்பேட்டில் எழுதி, தாய்மொழியிலேயே வந்து சொல்லலாம்.

மூன்றாவதாக, மண்ணில் கால் பாவாத ஒரு களமும் உண்டு. 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய டெக்னோவேஷன் என்னும் பெண்பிள்ளைகளுக்கான போட்டியில், நடுவர் தம் வீட்டில் இருந்தபடியே காணொளி பார்த்து மதிப்பெண் இடலாம். தாராவிச் சிறுமிகள், தண்ணீர்க் குழாயடியில் கால்கடுக்க நிற்காமல் தங்கள் முறை வரும்போது அறிந்துகொள்ள ஒரு செயலி செய்தது இத்தகைய போட்டிக்கான முயற்சியில்தான். அந்த நடுவர்களுக்குப் பொன்னாடை இல்லை. ஆகவே அவர்களை இந்நூல் விரித்துப் பேசாது.

எழுத்ததிகாரம்

எழுத்தாவது மதிப்பெண் தாளில் இடப்படுவது. அதன் இடங்கள் ஐந்து: புதுமை, சமூகப் பயன், சுற்றுச்சூழலுக்கு இசைவு, கையாள எளிமை, ஏற்கெனவே உள்ளதைவிட மேம்பாடு. இன்ஸ்பயர் மானக் வகுத்த அளவுகோல் இதுவே. குறை சொல்ல இடமில்லாத அளவுகோல். குறை, அதைப் பிடிக்கும் கையில் இருக்கிறது.

*வினவா நடுவரும் விரித்துரை நடுவரும்*
*அனைவர்க்கும் ஏழே அளிப்பர் என்ப.*

இதன் உரை: பத்துக்கு ஏழு என்பது எண் அன்று, ஓர் ஒதுங்கிடம். எட்டு போட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஐந்து போட்டால் வழிகாட்டி ஆசிரியர் வருத்தப்படுவார். ஏழு போட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எல்லாத் தாளிலும் ஏழே இருந்தால் யார் மாநிலப் போட்டிக்குப் போவது? அதை மாலை நாலு மணிக்கு, கூட்டிக் கழிக்கும் அறையில், யாரோ ஒருவருடைய நினைவு தீர்மானிக்கும். ‘அந்த நீல ஃபிராக் பாப்பா நல்லாப் பேசுச்சு’ என்பதே அந்நினைவின் முழு வடிவம்.

சொல்லதிகாரம்

நடுவரை அவர் வினாவால் அறிக.

வினவா நடுவர் மேசைக்கு மேசை நடப்பார், தலையசைப்பார், படத்துக்கு நிற்பார்.

விரித்துரை நடுவர் கேள்வியைத் தொடங்கி விடையையும் தாமே சொல்லி முடிப்பார். இவர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். மற்றப் பிள்ளைகளின் நேரத்தையும் சேர்த்து ஒரே மேசையில் செலவிடுவார். நல்ல மனிதர்.

தேர்வு நடுவர் ‘ஓம் விதியைச் சொல்லு’ என்பார். கருவியைப் பார்க்கமாட்டார்.

சந்தை நடுவர் புதிய தோற்றம். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘உங்க ரெவின்யூ மாடல் என்ன?’ என்று கேட்பார். அந்தப் பிள்ளை அறந்தாங்கி பேருந்துக்குச் சில்லறை எண்ணி வைத்துக்கொண்டிருக்கும்.

ஐய நடுவர் ‘இதை யாரும்மா செஞ்சு குடுத்தது?’ என்பார். இவரை இவ்வகைகளுள் கடையராக வைக்கிறோம். அவர் ஐயம் பலவேளை சரியே. ஆனால் அக்கேள்வியை அவர் கேட்கும் விதத்தில், தானே செய்த பிள்ளையும் திருடிய முகத்தோடு நிற்கும்.

எஞ்சியவர் குந்து நடுவர். இவர் மேசைக்குக் கீழே வயர் எங்கே போகிறது என்று பார்க்கக் குந்துவார். குந்தினால் கண் பிள்ளையின் கண்ணுக்கு நேரே வரும். ‘இது எப்ப எப்ப ஓடாமப் போச்சு?’ என்பது இவர் முதல் வினா. இந்த வினாவுக்கு மனப்பாடம் செய்த விடை கிடையாது. அட்டையைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை அட்டையை விட்டுக் கருவியைப் பார்க்கத் தொடங்கும். ‘முந்தாநாள் ராத்திரி பேட்டரி சூடாயிடுச்சு சார்’ என்று ஆரம்பித்தால் பிறகு நிறுத்துவதுதான் கடினம்.

பொருளதிகாரம்

மேசைமேல் வரும் பொருள் பலவகை. தெர்மாகோல் பொருள் எண்ணத்தைக் காட்டும், இயங்காது. இதை இகழ்வாரும் உளர். அது பொருந்தாது, வயரிங் செய்யக் காசில்லாத பள்ளியின் யோசனை தெர்மாகோலில்தான் வரும்.

அடுத்தது வாங்கற்பொருள். தானே திறக்கும் குப்பைத்தொட்டி, பார்வையற்றோர் கைத்தடி, காரை நிறுத்த உதவும் பஸ்ஸர் ஆகிய மூன்றும் ஒரே கருவின் மூன்று பிறவிகள். கரு, இரண்டு கண் வைத்தாற்போன்ற மீயொலி உணரி. அது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி வர ஆகும் நேரத்தை அளக்கும். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். நிரல் எல்லாருக்கும் இணையத்தில் ஒன்றே.

*பாதியாய் வகுத்தது ஏனென வினவ*
*ஓதிய பிள்ளை உறைந்தே நிற்கும்.*

உரை: ‘ஏன்டா தம்பி ரெண்டால வகுக்குறே?’ என்று கேட்டால் நிரலை மட்டும் எடுத்து ஒட்டிய பிள்ளை ஆசிரியர் இருக்கும் திசையைப் பார்க்கும். புரிந்து செய்த பிள்ளை, ‘போயிட்டுத் திரும்பி வருதுல்ல சார், நமக்குப் போற தூரம் மட்டும்தானே வேணும்’ என்று, இதுகூடத் தெரியாத நடுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கும். யார் செய்து கொடுத்தது என்று ஐய நடுவர் கேட்டு அறிய முடியாததை, இந்த ஒரு வினா யாரையும் புண்படுத்தாமல் அறிந்துவிடும். உறைந்த பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது. ஒரு சுவரைக் காட்டி, ‘நீ போயி தொட்டுட்டு வா’ என்றால் அதுவே சொல்லிவிடும்.

தந்தையாக்கம் என்பது வெல்டிங் மிக நேர்த்தியாக இருப்பது. இதற்கு மதிப்பெண் குறைப்பது மரபு. அம்மரபை நாம் மறுக்கிறோம். பட்டறை வைத்திருக்கும் அப்பாவிடம் கேட்டுக் கற்ற பிள்ளைக்கும், கடையில் காசு கொடுத்து முடித்த பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு. ‘கழற்றி மாட்டு பார்ப்போம்’ என்றால் தெரிந்துவிடும்.

இனி மண்ணின் பொருள். இம்மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. பெரும்பாலும் மழையும் கண்மாயும் ஆழ்துளைக் கிணறும்தான். ஆகவே இங்கே வரும் மேசைகளில் தண்ணீர் மணம் அடிக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்ட பிறகு, காற்றும் மரமும் பற்றிப் பேச இங்குள்ள பிள்ளைகளுக்குக் காரணம் கூடிவிட்டது.

மண்ணின் பொருளுள் அடிக்கடி வருவது ஈர உணரி. இரு கால் கொண்ட ஒரு முள்ளை மண்ணில் குத்திவைக்க வேண்டும். மண் காய்ந்தால் மோட்டார் ஓடும், நனைந்தால் நிற்கும். மேசையில் ஒரு பூந்தொட்டி, ஒரு தண்ணீர் டம்ளர், சிறு பம்பு. எல்லா மேசையிலும் ஒன்றுபோலவே ஓடும். ஆனால் முள்ளை வெளியே இழுத்துப் பாருங்கள். பளபளவென்று இருந்தால் அது நேற்று வாங்கியது. பச்சை பிடித்து, ஒரு கால் அரித்துப் போயிருந்தால் அந்தப் பிள்ளை அதை உண்மையாகவே தோட்டத்தில் நட்டிருக்கிறது. ஈர மண்ணில் நேர்மின்னோட்டம் விடாமல் பாய்ந்தால் செம்பு கரையும். மின்பகுப்பு பாடத்தில் வந்ததுதான்; பாடம் தோட்டத்தில் நடந்திருக்கிறது. ‘எப்பவும் கரண்டு குடுத்தா அரிச்சிடுது சார், அதனால அளக்குறப்ப மட்டும் குடுக்குறேன்’ என்று அந்தப் பிள்ளை சொன்னால் அதற்குப் பத்துக்குப் பத்து. மேசையில் கருவி ஓடாவிட்டாலும் பத்து. ‘புதுமை’ என்ற கட்டத்தில் இதை எப்படி எழுதுவது என்று கேட்கும் சக நடுவருக்கு, ஏற்கெனவே உள்ளதைவிட மேம்பாடு என்னும் ஐந்தாம் கட்டத்தைச் சுட்டுக.

புதிய முள்ளோடு வந்த பிள்ளை தோற்றதாகவும் கொள்ள வேண்டியதில்லை. ‘இதை வீட்டுல ஒரு மாசம் நட்டு வச்சுட்டு அடுத்த வருசம் கொண்டா’ என்று சொல்லி அனுப்பலாம். இப்படிச் சொல்ல மதிப்பெண் தாளில் இடமில்லை. ஓரத்தில் எழுதுக.

ஒழிபியல்

மேலே வகுத்ததில் அடங்காது எஞ்சியது ஒன்று. நடுவராக யார் அழைக்கப்படுகிறார் என்பது. பேராசிரியர், பொறியாளர், அலுவலர், இவர்களே எங்கும் வருகிறார்கள். மோட்டார் தானே நிற்கும் கருவியைப் பார்க்க, ஆலங்குடிப் பக்கம் பம்புசெட் பிரித்து மாட்டும் மெக்கானிக்கை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. மும்முனையில் ஒரு முனை மின்சாரம் போனால் மோட்டார் என்னாகும் என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, எங்கள் ஐந்து கட்டத்துக்கும் மேலானது. கண்மாய் மடை திறக்கும் நீர்க்கட்டியும், கிராமச் செவிலியரும், மல்லிகைத் தோட்டத்துப் பெண்ணும் இப்பட்டியலில் சேர வேண்டும். கையாள எளிதா என்பதைக் கையாளப்போகிறவரே சொல்லட்டும்.

பட்டம் பார்க்காமல் ஆளை அழைப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அன்று. 1991இல் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் இங்கே வந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் ஊர் ஊராய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் சைக்கிள் கற்றது அப்போதுதான். யாருக்குக் கற்பிக்கத் தகுதி உண்டு என்று அன்று சான்றிதழ் கேட்கவில்லை.

ஆகவே போட்டி நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம்: ஒவ்வொரு நடுவர் குழுவிலும் அந்த வேலையைக் கையால் செய்யும் ஒருவரை உட்கார வையுங்கள். அன்றைய கூலியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். பொன்னாடைச் செலவைக் குறைத்தாலே அதற்குக் காணும். வாசகருக்கும் ஒன்று. அழைப்பு வந்தால் போங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வரும்வரை மட்டும் இருந்துவிட்டுக் கிளம்பாதீர்கள், கடைசி மேசை வரை பாருங்கள். கடைசி மேசைப் பிள்ளையும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருக்கிறது.