டி.எம்.ஏ. பாடபேதங்கள்: ஐயப்பன்தாங்கலை முன்வைத்து

ஆய்வென்றால் முதலில் எல்லை வகுக்க வேண்டும். கிழக்கே போரூர் ரவுண்டானா, மேற்கே காட்டுப்பாக்கம், நடுவில் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ. இந்த நிலப்பரப்பின் வாடகை ஃபிளாட்டுகளில் குடியிருக்கும் எம்பெடட் என்ஜினீயரின் சாப்பாட்டு மேசையில், ரிச்சி தெருவில் வாங்கிய போர்டு ஒன்று ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும். இரவு பதினொன்றுக்கு மேல் அங்கிருந்து எழும் வாக்கியமே இவ்வாய்வின் மூலபாடம்: "நேத்து வரைக்கும் ஓடிச்சே!"

டி.எம்.ஏ. என்பது, பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் சென்சாருக்கும் மெமரிக்கும் இடையே டேட்டாவைச் சுமக்கும் தனி வன்பொருள். முடிந்ததும் ஒரு இன்டரப்ட் கொடுக்கும். அதன் பிடிவாதம் பழமையானது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8237 சிப், 64 கிலோபைட் எல்லை ஒன்றைத் தாண்டி ஒரே மூச்சில் எழுதாது. மீறினால் டேட்டா அதே 64 கிலோபைட்டின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் உட்காரும்.

டேட்டா வரவில்லையென்றால் நம் வட்டாரத்தில் மூன்று பள்ளிகள் உரை சொல்லும். வாலடைல் பள்ளி, எல்லா வேரியபிளுக்கும் முன்னால் அந்தச் சொல்லை ஒட்டும். டிலே பள்ளி, பத்து மில்லிசெகண்ட் காத்திருக்கும். பிரிண்ட்எஃப் பள்ளியே மிகவும் செல்வாக்குடையது: பிரிண்ட்எஃப் போட்டதும் கோளாறு மறையும், எடுத்ததும் திரும்பும். கடைசியில் அந்த வரியை அப்படியே வைத்துக் கஸ்டமருக்கு அனுப்புவார்கள்.

மூன்றும் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. எஸ்.டி.எம்.32 எஃப்4 வரிசையின் கார்டெக்ஸ்-எம்4-க்கு டேட்டா கேஷ் கிடையாது. எச்7-இன் கார்டெக்ஸ்-எம்7-க்கு உண்டு. பழைய கோடைப் புதிய போர்டில் ஏற்றியதும் மெமரிக்கு இரண்டு சுவடிகள் உண்டாகின்றன. டி.எம்.ஏ. மூலச்சுவடியில் புதிதாக எழுதிவிட்டுப் போகிறது. பிராசஸரோ தன் கேஷிலுள்ள பழைய பிரதியைப் பார்த்து உரை சொல்கிறது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு இது புதிய சிக்கலாக இருந்திராது. பிரதிகளை ஒப்பிடாமல் அவர் பாடம் கொள்ளவில்லை. நம்மவர் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு சென்சாரைத் திட்டுகிறார். பிரிண்ட்எஃப் பலித்ததற்கும் காரணம் இருக்கிறது: அது தன் வேலைக்காகக் கேஷில் இடம் பிடிக்கும்போது பழைய பிரதி தற்செயலாக வெளியே தள்ளப்படுகிறது.

பரிகாரம் எளிது. அனுப்பும் முன் கேஷைக் கிளீன் செய். வந்த டேட்டாவைப் படிக்கும் முன் இன்வாலிடேட் செய். ஆனால் கேஷ் 32 பைட் வரிகளாகத்தான் பேசும். பஃபர் அந்த எல்லையில் தொடங்கி முடியாவிட்டால், இன்வாலிடேட் செய்யும்போது அதே வரியில் குடியிருக்கும் அப்பாவி வேரியபிளின் புதிய மதிப்பும் சேர்ந்து அழியும். இப்படித்தான் யூ.ஏ.ஆர்.டி.யைச் சரிசெய்த இரவில் மோட்டார் தானாக ஓடத் தொடங்குகிறது.

கேஷே இல்லாதவர்கள் குதூகலிக்க வேண்டாம். எஃப்407-இல் சி.சி.எம். என்றொரு 64 கிலோபைட் ராம் உண்டு. பிராசஸர் மட்டுமே போகக்கூடிய இடம், டி.எம்.ஏ.வுக்கு அங்கே வழியே இல்லை. லிங்கர் ஃபைல் பஃபரை அங்கே வைத்துவிட்டால், கோடு முழுவதையும் எத்தனை முறை படித்தாலும் பிழை அகப்படாது. மேப் ஃபைலைத் திறந்து பஃபரின் முகவரியைப் பார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் தூங்கப் போவார். திறப்பவர்தான் குறைவு.

பின்னிணைப்பாக ஒன்று. ஆர்.எஸ்.485 லைனில் டி.எம்.ஏ. "முடிந்தது" என்று சொல்வது, கடைசி பைட்டை யூ.ஏ.ஆர்.டி.யிடம் கொடுத்தாயிற்று என்ற பொருளில்தான். அது இன்னும் ஒயரில் ஏறியிருக்காது. அப்போதே டிரைவரை அணைத்தால் செய்தியின் வால் அறுபடும். மாட்பஸ் ஆர்.டி.யு.வில் அந்த வாலில் இருப்பது இரண்டு பைட் சி.ஆர்.சி.; மறுமுனையிலுள்ள மீட்டர் முழுச் செய்தியையும் குப்பையில் போடும். யூ.ஏ.ஆர்.டி.யின் சொந்த டி.சி. (டிரான்ஸ்மிஷன் கம்ப்ளீட்) ஃபிளாகுக்குக் காத்திருப்பதே முறை. ஆனால் இங்கே டிலே பள்ளிக்கும் நியாயம் செய்ய வேண்டும்: 9600 பாடில் ஒரு பைட்டுக்கு ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல்தான் ஆகும் என்பதால், மூன்று மில்லிசெகண்ட் டிலே பிரமாதமாக வேலை செய்யும். யாராவது பாட் ரேட்டை 2400 ஆக்கும் வரை.