கூதிர்காலக் கூடாரவாசி

ஐப்பசியையும் கார்த்திகையையும் பழந்தமிழர் கூதிர் என்னும் தனிப்பருவமாகப் பகுத்திருந்தனர். வாடை வீசும் இப்பருவத்தில், தருமபுரி மாவட்டத்து ஏரியூர் வட்டாரத்தில் உழவர் கேழ்வரகுக் காட்டிலும் மீனவர் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் தத்தம் வேலையில் முனைந்திருக்க, சனிக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து வந்திறங்கி ஞாயிறு மாலையில் திரும்பிவிடும் வலசையினம் ஒன்றும் காணக்கிடைக்கிறது. கூடாரவாசி என்று இங்கே குறிக்கப்படுபவர் இவ்வினத்தவரே. இவருக்குப் பிழைப்பு கணினியில், பிறவிப்பயன் பாறையில்.

1975இல் வெளிவந்த ‘ஷோலே’ படமாக்கப்பட்ட ராமநகரத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏறப் பழகிய இவர், அங்கே தம்மைப் போன்றோர் பெருகிவிட்டமையால், மனிதக் கால் படாத பாறையைத் தேடிப் பென்னாகரம் தாண்டி வருகிறார். கடைசியில் ஒரு கரட்டைக் கண்டடைகிறார்; கரடு என்பது மரம் அடராத கற்குன்றுக்கு இப்பக்கத்தில் வழங்கும் பெயர். அதன் உச்சியில் ஆட்டுப்புழுக்கை காய்ந்து கிடப்பது, ஏறி முடித்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகே அவர் கண்ணில் படுகிறது.

அவருடைய தளவாடங்கள் தனி ஆய்வுக்கு உரியவை. காரபினர் என்பது கயிற்றையும் இடுப்புவாரையும் பிணைப்பதற்கான, தானே மூடிக்கொள்ளும் நாக்குடைய அலுமினிய வளையம். நீளவாக்கில் ஏறத்தாழ 2,000 கிலோ எடைக்கு ஈடான இழுவிசையைத் தாங்கவல்லது. முதுகுப்பையில் வரிசையாகத் தொங்கும் காரபினர்களில் ஒன்று கார்ச்சாவியையும், ஒன்று தேநீர்க் குவளையையும், இன்னொன்று மற்றொரு காரபினரையும் தாங்கி நிற்கின்றன. வியர்க்கும் உள்ளங்கையில் பூசிக்கொள்ளும் வெண்பொடியோ மெக்னீசியம் கார்பனேட். வெளிநாட்டுப் பொட்டலத்தில் வரும் இதற்கு அவர் கொடுக்கும் விலையைக் கேட்டால், அதே சேர்மத்தாலான மேக்னசைட்டை வெள்ளைக்கல் என்று பெயரிட்டுத் தலைமுறைகளாகத் தோண்டிவரும் பக்கத்துச் சேலத்தார் மூர்ச்சையாவர்.

இனி உறக்கப்பை: மைனஸ் 5 டிகிரி வரை தாங்கும் என்று இமயமலைக்காகத் தைக்கப்பட்டது. ஏரியூர்க் கூதிர் இரவு 15 டிகிரிக்குக் கீழ் இறங்குவது அரிதாகையால், நள்ளிரவில் அவர் உள்ளே வெந்துபோய்ப் பையின் பல்லிணையைத் திறக்கிறார், கொசு நுழைகிறது, மூடுகிறார், மீண்டும் வேகிறார். விடிந்ததும் கண் சிவந்து வெளியே வந்து, “செம குளிர், மச்சி” என்று கைப்பேசியில் அறிவிக்கிறார்.

வடகிழக்குப் பருவமழையும் இதே மாதங்களில்தான் பெய்கிறது. ஈரப்பாறையில் காலணி பிடிக்காது என்பது ஏறுவோர் அனைவரும் அறிந்த விதி. ஆயினும் வாரவிடுமுறை மழையைக் கேட்டு வருவதில்லை. ஆகவே சனிக்கிழமையின் பெரும்பகுதி, கூடாரத்துக்குள் முடிச்சுகளைப் பற்றி விவாதிப்பதிலும், பென்னாகரத்தில் வாங்கிவந்த பரோட்டாவை ஆறிய நிலையில் உண்பதிலும் கழிகிறது.

மறுநாள் வெயில் வந்து பாறை உலர்ந்து, அவர் ஒரு விரல் நுழையும் பிளவில் தொங்கிக்கொண்டிருக்கையில், ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் கீழே நின்று, “ஏம்பா, பின்னாடி ஆடு ஏறுற தடம் இருக்குதே, அதுல போனா ஆவாதா?” என்று கேட்பதுண்டு. “அது ரூட் இல்லீங்க பாட்டி” என்கிறார் கூடாரவாசி. உச்சிக்குப் போகும் வழி எப்படி வழியில்லாமற் போகும் என்று விளங்காமல், பாட்டி ஆடுகளோடு அத்தடத்திலேயே மேலேறி விடுகிறார்.

எனினும் ஒன்றில் இவரை எள்ளுதல் தகாது. ஏறுபவரின் கயிற்றைக் கீழே நின்று பிடித்து, விழுந்தால் தடுத்து நிறுத்தும் பணிக்கு பிலே என்று பெயர். அப்பணியை ஏற்ற தோழர் தம் எட்டு வடிவ முடிச்சைப் பார்த்துச் சரியென்று வாய்விட்டுச் சொல்லாதவரை இவர் ஓரடியும் மேலே வைப்பதில்லை. (பெங்களூர்ச் சாலையில் தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுபவரும் இவரே என்பது வேறு கதை.)

இத்தனை முடிச்சுகளைச் சோதிப்பவர், கூடாரம் அடிக்கும் இடத்தை மட்டும் படத்துக்கு அழகாக இருப்பதைக் கொண்டே முடிவுசெய்கிறார்; நாகமரைப் பக்கம் நீர் வற்றிய கரையில், அலை நுனிக்கு அருகே, அடித்துவிடுகிறார். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கர்நாடக அணைகள் திறந்தால் அதே மாநிலத்திலிருந்து அவரைப் பின்தொடர்ந்து நீரும் வந்து சேரும். அது சனி, ஞாயிறு பார்ப்பதில்லை. ஆதலின் இக்கரையில் இரவு தங்க எண்ணுவோர், காப்புக்காடாயின் வனத்துறையின் அனுமதியும், நீரோரமாயின் அங்குள்ள பரிசல்காரரின் யோசனையும் பெற்றபின் கூடாரத்தை விரிப்பார்களாக.