இழுப்பறை மூலைப் பொருத்தில் அரைவட்டமும் நடுமுளையும்: ஒரு பூர்வாங்க ஆய்வுக்கான முன்குறிப்பு

1. ஆய்வின் தேவை

டிராயருக்குள் என்ன இருக்கிறது என்று எல்லாரும் தேடியிருக்கிறார்கள். டிராயரின் நான்கு மூலைகளும் ஏன் கழன்றுவிடாமல் இருக்கின்றன என்று கேட்டவர்கள் குறைவு. யாருக்கும் தேவைப்படாத கேள்வி என்பதே இதன் முதல் ஆய்வுத் தகுதி.

2. வகைப்பாடு

(அ) ஆணி அடித்தவை. அடித்தார்கள், நின்றது.

(ஆ) கைவெட்டு டவ்டெயில். புறாவின் வாலைப் போல முனை அகன்ற பற்களை எதிர்ப் பலகையின் இடுக்குகளில் செருகுவது. பழைய எகிப்தியக் கல்லறைச் சாமான்களிலேயே உண்டு. பற்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. தச்சர் அளவு கீறிய கோடும் பல வேளைகளில் அழியாமல் இருக்கும்.

(இ) இயந்திர டவ்டெயில். எல்லாப் பல்லும் ஒரே அளவு. அலுப்பானது.

(ஈ) நாப் பொருத்து. (காண்க: பகுதி 3.)

3. நாப் பொருத்து

(காண்க: பகுதி 2, ஈ.) அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வாட்டர்லூவைச் சேர்ந்த சார்லஸ் நாப் 1867இல் இதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வாட்டர்லூ என்றதும் நெப்போலியனைத் தேடும் வாசகர் இத்துடன் விலகிக்கொள்ளலாம். உரிமை பின்னர் மாசசூசெட்ஸின் நார்தாம்ப்டன் முதலீட்டாளர்களிடம் போயிற்று. கைத்தச்சர் நாளுக்கு 15, 20 டிராயர் செய்த இடத்தில் இயந்திரம் 200க்கு மேல் தள்ளியது.

டிராயரைப் பக்கவாட்டில் பார்த்தால் மூலையில் அரைவட்டங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் உருண்டையாக ஒரு முளை. அரைவட்டம் முளைக்காகவா, முளை அரைவட்டத்துக்காகவா? துறைக்கு ஒரு சர்ச்சை அவசியம் என்பதால் முளைவாதம், அரைவட்டவாதம் இரண்டையும் இந்தப் பத்தியிலேயே நிறுவுகிறேன். அரைவட்டம் இல்லாவிட்டால் முளை அனாதை என்பது அரைவட்டவாதம் (காண்க: இப்பத்தியின் முதல் வரி). முளை இல்லாவிட்டால் அரைவட்டம் வெறும் அலங்காரம் என்பது முளைவாதம் (காண்க: அதே வரி, வேறு கண்ணோட்டத்தில்). இரண்டும் சேர்ந்துதான் பலகையைப் பிடிக்கின்றன என்பார் ஆசாரி. அவரிடம் முனைவர் பட்டம் இல்லாததால் கருத்து பதிவாகவில்லை (ஒப்பிடுக: பகுதி 2, அதற்கு மறுப்பு, பகுதி 3, மறுப்பின் மறுப்பு, எழுதவிருக்கும் பகுதி 6, அது வெளிவராவிட்டால், மீண்டும் பகுதி 2).

4. காலநிர்ணயம்

நாப் பொருத்து 1871 முதல் ஏறத்தாழ 1900 வரைதான் புழங்கியது. ஆகவே பழஞ்சாமான் பிரியர்கள் அலமாரியின் அழகைப் பார்க்காமல் டிராயரை உருவி மூலையைப் பார்க்கிறார்கள். நியாயம்தான். ஆனால் பொருத்து டிராயரின் வயதைத்தான் சொல்லும். அலமாரி வேறு, டிராயர் வேறாகவும் இருக்கலாம். ஒரு மேற்கோளைக் கொண்டு முழு நூலுக்கும் காலம் குறிக்கும் அறிஞர்கள் இவ்வரியைத் தங்களைப் பற்றியது என்று கொள்ள வேண்டாம். கொண்டாலும் தடையில்லை.

5. மறைவு

பொருத்து வலுவாகத்தான் இருந்தது. ஆனால் 1876இல் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியை ஒட்டிக் கைவெட்டு டவ்டெயில் கொண்ட பழைய காலனிக்காலச் சாமான் மீது மோகம் பெருகிற்று. இயந்திரங்களும் டவ்டெயில் வெட்டப் பழகின. அரைவட்டமோ நான் இயந்திர வேலை என்று ஒளிக்காமல் சொன்னது; இயந்திர டவ்டெயில் கைவேலையைப்போல் நடித்தது. சந்தை நடிப்பை வாங்கியது. நாப் பொருத்து போயிற்று.

இதில் ஆய்வுலகம் அறிய வேண்டியது ஒன்றுமில்லை. அங்கே ஒருவர் வெட்டியதை இன்னொருவர் ஒட்டினாலும், உளி பிடித்துக் காய்த்த கை தன்னுடையது என்றே முன்னுரையில் எழுதுவார்கள். நாப்பின் இயந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை.

இதனால் பரிந்துரைக்கப்படுவது: மேலாய்வு. நிதியும் தேவை.